கமரா போன பிறகும் அங்கே இருப்பவர்கள்

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஆவணப்படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கச்சிமார் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "அனுமதி யாருட்ட எடுக்கணும்?" கச்சேரியில் ஒரு கடிதம் வாங்கினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். கையில் போன் இருக்கிறது, வீதி எல்லாருக்கும் பொது, யாரிடம் என்ன கேட்பது என்பது வேறு சிலரின் எண்ணம். இரு தரப்புக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். படம் முடிந்ததும் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். படத்தில் வந்தவரோ அதே ஒழுங்கையில், அதே கிணற்றடியில், அதே பொலிஸ் பிரிவுக்குள் இருப்பார். நீங்கள் போன பிறகு அவர் வாழப்போகும் நாட்களுக்கும் சேர்த்துத்தான் அனுமதி கேட்க வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் அந்த எண்ணத்திலிருந்து வந்தவை.

1. முதல் தடவை கமரா இல்லாமல் போங்கள்.

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறவர்கள் துறையில் நின்று 'பாதை' என்னும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். பாதையில் ஏறியவுடன் பக்கத்தில் நிற்பவர் கேட்பார்: "எங்க போறீங்க, யார்ர வீட்ட?" நீங்கள் சொன்ன பதில் உங்களுக்கு முன்னே ஊருக்குள் போய்விடும். பாலம் வந்த பிறகு மோட்டார் சைக்கிளில் கேள்வியே இல்லாமல் வாவியின் மேற்கான படுவான்கரைக்குள் நுழைந்துவிடலாம். அதனால் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகவே யார், எவர் என்று சொல்லிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

ஜீ.எஸ்., கோயில் வண்ணக்கர், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், மாதர் சங்கத் தலைவி, கரையோரமென்றால் மீனவர் சங்கத்தார்: இவர்களைப் பார்த்துப் பேசுங்கள். ஊருக்குள் வந்திருக்கிறோம் என்று அறிவிப்பது மரியாதை. ஆனால் இவர்களில் யாரும் இன்னொருவரின் முகத்துக்கோ குரலுக்கோ சொந்தக்காரர் அல்ல. மாதர் சங்கத் தலைவி கூட்டிவந்து கதிரையில் இருத்திய பெண்ணுக்கு, அவர் முன்னால் 'மாட்டேன்' என்று சொல்ல வாய் வராது. அடுத்த நாள் தனியே போய் அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். பதில் மாறினால் இரண்டாவது பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

2. இடத்துக்கான அனுமதி வேறு, ஆளுக்கான அனுமதி வேறு.

அமெரிக்காவின் பிரெடரிக் வைஸ்மன் 1967இல் 'டிடிகட் ஃபாலீஸ்' என்ற படத்தை எடுத்தார். மசாசூசெட்ஸ் மாநிலத்தில் குற்றம் சாட்டப்பட்ட மனநோயாளரை அடைத்து வைத்திருந்த நிறுவனம் ஒன்றின் உள்ளே நடந்த கொடுமையைக் காட்டிய படம் அது. நிறுவனத்தின் மேலதிகாரி உள்ளே விட்டிருந்தார். ஆனால் நிர்வாணமாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்த அந்த மனிதர்கள் சம்மதித்தார்களா, சம்மதிக்கும் நிலையில் இருந்தார்களா என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. 1991 வரை பொதுமக்கள் முன் அந்தப் படத்தைத் திரையிட முடியவில்லை. மாநில அரசு நோயாளிகளின் மானத்தைப் பற்றிப் பேசியது தன் மானத்தைக் காப்பாற்றத்தான் என்று வாதிட்டவர்களும் உண்டு. அந்த வாதத்திலும் உண்மை இருக்கிறது. என் கணிப்பில் அந்தப் படம் எடுக்கப்பட வேண்டியதுதான். ஆனாலும் கதவின் சாவியை வைத்திருந்தவர் தந்த அனுமதியால், கதவுக்குப் பின்னால் இருந்தவரின் அனுமதியை ஈடுசெய்ய முடியாது.

நம்மூரிலும் இதே நிலைமை வரும். வைத்தியசாலைப் பணிப்பாளர் விடுதியைப் படம் பிடிக்க விடுவார். கட்டிலில் கிடப்பவரிடம் நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும். அதிபர் வகுப்பறைக்குள் விடுவார். அதனால் பிள்ளைகளின் பெற்றோர் சம்மதித்துவிட்டதாக ஆகாது. முதியோர் இல்லம், தடுப்பு நிலையம், சிறுவர் இல்லம் எல்லாம் இப்படித்தான். எங்கே ஆட்களால் விரும்பியபடி எழுந்து போக முடியாதோ, அங்கே மேலதிகாரியின் கையெழுத்தைப் பெரிதாக நினைக்காதீர்கள்.

3. அலுவலகங்கள்.

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பொது இடத்தில் சாதாரணமாகப் படம் எடுப்பதானாலும் பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, பிரதியை அந்தப் பகுதிப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் கொடுங்கள். பாடசாலைக்கு வலயக் கல்விப் பணிமனை. வைத்தியசாலைக்குப் பிராந்திய சுகாதாரப் பணிமனை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி 1638இல் ஒல்லாந்தர் கையில் விழுந்த நம் கோட்டை தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்பில் இருப்பது. விளக்கும் தாங்கியும் கொண்டு போவதற்கு முன் அவர்களைக் கேட்க வேண்டும். காடும் காட்டு விலங்கும் என்றால் வனத் திணைக்களம் அல்லது வனஜீவராசிகள் திணைக்களம். ட்ரோனை விளையாட்டாக நினைக்காதீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு நாடு முழுவதும் அதைப் பறக்கவிடத் தடை போட்டிருந்தார்கள். இன்றும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் பதிவும் அனுமதியும் வேண்டும். முகாம், காவலரண் பக்கம் அதைத் திருப்பவே கூடாது. வெளிநாட்டுக் குழுவோடு வேலை செய்கிறீர்கள் என்றால் அவர்களுடைய விசா சுற்றுலா விசாவா, படப்பிடிப்புக்கு உரியதா என்று முதல் நாளே பாருங்கள். அவர்களைத் திருப்பி அனுப்பினால் விமானம் ஏறிவிடுவார்கள். விசாரணைக்குப் போகப்போவது உள்ளூர் ஆளான நீங்கள். மண்டபத்தில் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கு, தணிக்கைச் சபை என்று நாம் வழமையாகச் சொல்லும் சபையின் சான்றிதழ் தனியாக வேண்டும். எடுப்பதற்குக் கிடைத்த அனுமதி காட்டுவதற்குப் பயன்படாது.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் யார், எத்தனை பேர், என்ன கருவி, எந்த ஊர், எந்தத் திகதி, படம் எதைப் பற்றியது, பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே காட்டப்படும். பணத்தைப் பற்றிய வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதிகாரிகள் முதலில் தேடுவதும் அந்த வரியைத்தான். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. வீதியில் உங்களை மறிக்கும் கான்ஸ்டபிள் எந்த மொழியை வாசிப்பார் என்று முன்கூட்டித் தெரியாது. மூலப்பிரதி வீட்டில், நிழற்பிரதி பையில், படமாக எடுத்தது போனில்.

4. கடிதத்தில் பொய் எழுதாதீர்கள்.

'கலாசாரப் படம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காணிப் பிரச்சினையை எடுக்கலாம் என்று சொல்லித்தரும் ஆட்கள் உண்டு. அது உங்களுக்குத் தந்திரமாகத் தெரியலாம். படம் வெளியானதும் அலுவலகத்திலிருந்து முதல் அழைப்பு உங்களுக்கு வராது. ஜீ.எஸ்.க்கும், உங்களைக் கூட்டிப்போன பண்ணையாளருக்கும், சோறு போட்ட வீட்டுக்கும்தான் வரும்.

உண்மையை எழுதினால் விட மாட்டார்கள் என்ற நிலைமையும் நம்மிடம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. 2023 ஓகஸ்டில், காணிப் பிரச்சினை உள்ள மயிலத்தமடு மேய்ச்சல் தரையைப் பார்க்கப் போன சர்வமதத் தலைவர்களும் ஊடகவியலாளர்களும் மணித்தியாலக் கணக்கில் அங்கே மறித்து வைக்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட விடயத்தை எடுப்பதானால் தனியாகப் போகாதீர்கள். ஊடக அமைப்பு ஒன்றுக்கும் சட்டத்தரணி ஒருவருக்கும் சொல்லிவிட்டு, திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். பண்ணையாளர்கள் தாங்களே வீதிக்கு வந்து பேசத் தயாராக இருந்தால், சித்தாண்டியில் அவர்கள் போராட்டம் நடத்தியதைப் போல, அந்த வெளிச்சத்தில் எடுங்கள். சொல்லாமல் விடுவது வேறு, பொய் சொல்வது வேறு. கடிதத்தில் சொல்ல முடியாததைச் சொல்லாமல் விடுங்கள், ஆனால் இல்லாத ஒன்றை எழுதாதீர்கள்.

மக்கள் ஏன் கமராவைக் கண்டால் ஒதுங்குகிறார்கள் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 2004 மே 31இல் ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், இந்த மண்ணில் பிறந்த தராக்கி சிவராம் கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். எழுதியவர்களுக்கே அந்தக் கதி என்றால், எழுதச் சொல்லிக் கதை கொடுத்தவர்கள் எவ்வளவு யோசிப்பார்கள்?

5. கோயிலில் திரைக்கு வெளியே நில்லுங்கள்.

மண்டூர்க் கந்தசுவாமி கோயிலில் பூசை திரைக்குப் பின்னால் நடக்கிறது. பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். கண்ணால் பார்க்கவே கூடாது என்று ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்ததை லென்ஸுக்குக் காட்டச் சொல்லிக் கேட்பதே தவறு. கேட்காமலே விடுங்கள். வெளி வீதியில், தேரோடும் இடத்தில், வாவிக்கரையில் எடுக்க எவ்வளவோ இருக்கிறது. அதற்கும் வண்ணக்கர்மாரிடம் முன்கூட்டியே பேசுங்கள், திருவிழா தொடங்கிய பிறகு அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இராது. எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா என்று தெரிந்துகொண்டு, அந்தக் குடியின் பெரியவர்களிடமும் சொல்லிவிடுங்கள். கோயில் சபை சம்மதித்தும் குடியாருக்குத் தெரியாமல் போனால் வீண் மனத்தாங்கல்.

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு எடுக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. தெய்வம் ஏறி ஆடுகிறவரிடம் அந்த நேரத்தில் சம்மதம் கேட்க முடியாது. அவர் அப்போது தன் வசத்தில் இல்லை. முதல் நாளே வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். சடங்கு முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்ததைக் காட்டி மறுபடி கேளுங்கள். தலைவிரி கோலமாக, சேலை நலுங்க, மண்ணில் புரண்ட தன்னைத் திரையில் பார்க்கும்போதுதான் அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று தெரியும். வேண்டாம் என்றால் அந்தக் காட்சி எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் அழித்துவிடுங்கள்.

வாக்குக் கேட்க வந்து நிற்பவர்கள் இன்னும் கவனத்துக்குரியவர்கள். பட்ரிசியா லோரன்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் போர்க்காலத்தில் நம் அம்மன் கோயில்களில் நீண்ட காலம் இருந்து எழுதியிருக்கிறார். பிடித்துப் போகப்பட்ட மகன் உயிரோடு இருக்கிறானா என்று அம்மனிடம் கேட்கத் தாய்மார் வந்ததை அவர் பதிவு செய்தார். எந்த அலுவலகத்திலும் கேட்க முடியாத கேள்வியை அங்கேதான் அவர்களால் கேட்க முடிந்தது. நூறு பேர் நிற்கும் முற்றம்தான். ஆனாலும் அந்தத் தாயின் கேள்வி அம்மனுக்கு மட்டும் சொன்னது. உங்கள் மைக்குக்கு அது கேட்டுவிட்டால் அதை வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை.

6. கூத்துக் களரியில் எல்லாரையும் கேளுங்கள்.

வடமோடியோ தென்மோடியோ, அண்ணாவியாரைக் கேட்காமல் எவரும் படம் எடுப்பதில்லை, அது நல்லது. ஆனால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறார்கள். ஆடுபவர், பிற்பாட்டுக்காரர், மத்தளம் அடிப்பவர், உடுப்புக் கட்டுபவர் என்று ஒரு களரியில் பலர் உழைக்கிறார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது. அவற்றை மரபான சூழலுக்கு வெளியே எடுத்துப்போய்க் காசாக்குவதற்கு வரம்பு வைத்திருக்கிறது. இதை அண்ணாவிமார் பலர் அறிய மாட்டார்கள். அறிந்த நீங்கள் அவர்களிடம் சொல்ல வேண்டும்.

பறை மேளம் எடுப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது உண்டு. கோயில் சபை "எடுங்க, எடுங்க" என்று சொன்னது பறை அடிப்பவரின் சம்மதம் ஆகாது. அவர் அங்கே எந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறார், ஏன் அங்கே நிறுத்தப்பட்டிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய வீட்டுக்குப் போய், திண்ணையில் இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, அவரிடமே கேளுங்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் அந்தத் தொழிலோடு தங்கள் முகம் சேர்ந்து வருவதை விரும்பாமல் இருக்கலாம். கலை அழியக்கூடாது என்ற உங்கள் கவலையை அவர்கள் தலையில் ஏற்றாதீர்கள். சம்மதித்தால் படத்தின் இறுதியில் அவர் பெயர் வர வேண்டும். 'பறைக் கலைஞர்கள்' என்று மொத்தமாகப் போடாதீர்கள், ஒவ்வொருவர் பெயரும் தனியாக வரட்டும்.

7. காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் போகும்போது.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையைச் சந்தியுங்கள். 1990 ஓகஸ்டில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்ட காத்தான்குடிப் பள்ளிவாசலில் குண்டு துளைத்த அடையாளங்களை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனம் கொல்லப்பட்டது. இரண்டும் ஒரே வாவியின் கரையில், ஒரு மாதத்துக்கும் சற்றுக் கூடிய இடைவெளியில் நடந்தவை. நீங்கள் தமிழ்ப் பிள்ளை, அங்கே போய்க் கமராவை வைக்கப் போகிறீர்கள் என்றால், அவர்களுடைய சாவையும் உங்கள் ஆட்களின் சாவையும் ஒரே படத்தில் எப்படி வைக்கப் போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் "உங்கட கதையைச் சொல்லுங்க காக்கா" என்று கேட்டு வாங்கி, பிறகு எடிட்டிங்கில் வேறொரு வாதத்துக்குச் சாட்சியாக அதை நிறுத்துவதைவிடப் பெரிய துரோகம் ஆவணப்படத்தில் இல்லை. சத்துருக்கொண்டானில் முஸ்லிம் பிள்ளை கமரா வைத்தாலும் இதே கடமை.

சீயோன் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களிடம் போகிறவர்கள், முதலில் போதகரிடம் கேட்டு, அவர் போகச் சொன்ன வீட்டுக்கு மட்டும் போங்கள்.

8. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். 1990 செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து ஆட்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களின் தாய்மார் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2010இல் மட்டக்களப்புக்கு வந்தது, சொன்னார்கள். பரணகம ஆணைக்குழு 2014இல் வந்தது, மறுபடி சொன்னார்கள். பிறகு காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் வந்தது. இடையில் தொண்டு நிறுவனங்கள், ஆய்வாளர்கள், வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள். மகனின் பிறப்புச் சான்றிதழும் படமும் பொலித்தீன் பையில் எந்நேரமும் தயாராக இருக்கும். நீங்கள் வாசலில் நின்றதும் அந்தப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அவர் பையை எடுத்ததைச் சம்மதம் என்று எண்ணிவிடாதீர்கள். முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகப் போகிறது. நீங்கள் ஆணைக்குழு ஆள் என்றோ, நட்டஈடு எழுத வந்தவர் என்றோ அவர் நினைத்திருக்கலாம். பையைத் திறக்க விடாமல் முதலில் இதைச் சொல்லுங்கள்: "அம்மா, நாங்க அரசாங்கம் இல்ல. என்ஜிஓவும் இல்ல. உங்கட மகனைத் தேடித் தர எங்களால ஏலாது. காசும் வராது. நாங்க ஒரு படம் எடுக்கிறம்." பிறகு அமைதியாக இருங்கள். "சரி மனே, சொல்லிட்டுப் போறன்" என்பவர்கள் உண்டு. "அப்ப ஏன் மனே வந்த?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்கு உங்களிடம் நேர்மையான பதில் இல்லையென்றால் அந்தப் படத்தை இப்போது எடுக்க வேண்டாம்.

கையெழுத்துப் படிவத்தைப் பற்றி. வெளிநாட்டு நிறுவனங்கள் நாலு பக்கப் படிவம் அனுப்பும். உலகம் முழுவதும், எல்லா ஊடகத்திலும், என்றென்றைக்கும் என்று அதில் எழுதியிருக்கும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கப்பட்ட அனுபவம் உள்ள சனத்திடம் அதை நீட்டாதீர்கள். நிறுவனம் கட்டாயம் கேட்டால், தமிழில் ஒரு பக்கமாக்கி, வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை அந்த வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அதைவிட நல்லது, அவருடைய குரலிலேயே பதிவு செய்வது: எதற்குச் சம்மதம், எதற்குச் சம்மதமில்லை, முகம் வரலாமா, பெயர் வரலாமா, ஊர் வரலாமா, முகநூலில் போடலாமா, வெளிநாட்டில் மட்டும் காட்டலாமா. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். யூடியூபில் ஏறினால் பக்கத்து வீடும் பார்க்கும், சீஐடியும் பார்க்கும், மகளைப் பெண் கேட்க வருகிறவர்களும் பார்ப்பார்கள் என்பதைப் பச்சையாகச் சொல்லுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் மகனின் படத்துக்கு வேறாகக் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளையின் மனைவி வேறு ஊரில் வேறு வாழ்க்கை தொடங்கியிருக்கக் கூடும்.

பாலியல் வன்முறைக்கு உள்ளானவரை இன்னார் என்று தெரியும்படி வெளியிடுவது இந்த நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாதது அது.

9. பிள்ளைகள்.

சுனாமி அடித்த 2004 டிசம்பர் 26இல் கல்முனை வைத்தியசாலைக்கு ஒரு கைக்குழந்தை கொண்டுவரப்பட்டது. அன்று அனுமதிக்கப்பட்டவர்களில் அந்தக் குழந்தையின் இலக்கம் 81. ஒன்பது தாய்மார் உரிமை கோருகிறார்கள் என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. நீதிமன்றத்தில் உரிமை கோரி நின்றதோ ஒரே ஒரு தம்பதிதான். 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை அவர்களே பெற்றோர் என்று உறுதி செய்தது. அடுத்த மாதம் நியூயோர்க்கில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அந்தக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. சில மாதக் குழந்தையிடம் யாரும் எதையும் கேட்டிருக்க முடியாது. வளர்ந்து பள்ளிக்கூடம் போனபோதும் அந்த இலக்கம் பட்டப்பெயராகப் பின்னால் வந்தது. அந்தப் பிள்ளையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

பிள்ளையை எடுக்கும்போது தாய் தகப்பனிடம் கேளுங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள், இருபது வயதில் அந்தப் பிள்ளை இதைப் பார்த்தால் என்ன நினைக்கும் என்று உங்களையும் கேளுங்கள். நிஷா பஹுஜா எடுத்த 'டு கில் எ டைகர்' படம் ஜார்க்கண்டில் 13 வயதில் வன்கொடுமைக்கு உள்ளான ஒரு சிறுமியின் வழக்கைத் தொடர்ந்தது. அவளுடைய முகத்தை மறைத்துத்தான் காட்டுவது என்று நினைத்திருந்தார்கள். அவள் 18 வயதானதும் படத்தைப் பார்த்து, தன் முகம் தெரியட்டும் என்று தானே முடிவெடுத்தாள். படம் 2022இல் வெளியானது. அந்த முடிவை அவள் எடுக்கும்வரை அந்தப் படக்குழு காத்திருந்தது. அதை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும்.

10. முகத்தை மறைப்பதாக வாக்குக் கொடுத்தால் முழுதாக மறையுங்கள்.

கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை போட்டால் கொழும்பில் இருப்பவருக்குத்தான் ஆள் தெரியாது. ஊர் ஆள் நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார். குரல், கைத்தழும்பு, முற்றத்துப் பூவரசு, கிணற்றுக்கட்டின் நிறம், சைக்கிள், சுவர்க் கலண்டரில் உள்ள கடைப்பெயர் எல்லாமே காட்டிக்கொடுக்கும். செச்னியாவிலிருந்து தப்பி ஓடியவர்களைப் பற்றி டேவிட் ஃபிரான்ஸ் 2020இல் எடுத்த படத்தில் கணினி மூலம் வேறு மனிதர்களின் முகத்தைப் பொருத்தினார்கள். நம்மிடம் அந்த வசதி இல்லையென்றால் முகத்தை எடுக்கவே வேண்டாம். கையை எடுங்கள், அல்லது குரலை இன்னொருவரைக் கொண்டு பேசவையுங்கள். காவலரணில் போனைப் பறித்துப் பார்த்தால் அதில் என்ன இருக்கும் என்றும் யோசியுங்கள். மறைக்காத மூலப்பதிவைப் போனில் வைத்துக்கொண்டு வீதியில் போகக் கூடாது.

11. வாவியில்.

அருட்தந்தை லாங் 1960களில் பாடும் மீனின் ஒலியைப் பதிவு செய்து, அது வானொலியில் போனது முதல், கல்லடிப் பாலத்தடிக்கு இரவில் மைக்கோடு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. மீனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் இரவு முழுக்கத் தோணியில் நிற்பவர் தொழில் செய்கிறார். உங்கள் விளக்கு அவருடைய மீனைக் கலைக்கும். முன்கூட்டிச் சொல்லி, அவர் வலை வளைக்காத நேரத்தில் போங்கள்.

தடைசெய்யப்பட்ட வலை உங்கள் சட்டகத்துக்குள் வந்துவிடலாம். அதை வெளியிட்டால் வழக்கு அவருக்கு. உங்கள் படம் அந்த வலையைப் பற்றியதென்றால் அவரிடம் நேரே சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள்.

12. காசு.

கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். காசுக்காகச் சொல்லப்படும் கதை வளரத் தொடங்கும், பக்கத்து வீட்டுக்கும் பகையாகும். ஆனால் ஒரு மீனவரை ஓர் இரவு தொழிலுக்குப் போகவிடாமல் வைத்திருந்தால் அந்த இரவின் உழைப்பை ஈடுசெய்ய வேண்டும். தோணிக்கு வாடகை, சமைத்த வீட்டுக்குச் சாமான் செலவு. எவ்வளவு என்று எடுப்பதற்கு முன் பேசி எழுதிவையுங்கள். முதுமலையில் எடுத்து ஒஸ்கார் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் வந்த தம்பதி, தங்களுக்குச் சொன்ன உதவி கிடைக்கவில்லை என்று 2023இல் சட்ட அறிவித்தல் அனுப்பினார்கள். தயாரித்தவர்கள் அதை மறுத்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பரிசு கிடைத்தால் என்ன, பணம் வந்தால் என்ன என்பதைத் தொடங்கும்போதே பேசியிருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் சின்னப் படத்துக்குப் பணம் வராது என்று நினைத்தாலும் பேசுங்கள்.

13. மறுப்பை மறுப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

நம் சனம் முகத்துக்கு நேரே மறுக்காது. தேத்தண்ணி தருவார்கள், "நாளைக்கு வாங்களன்" என்பார்கள், நாளைக்குப் போனால் வீடு பூட்டியிருக்கும். அவ்வளவுதான், பதில் கிடைத்துவிட்டது. மூன்றாம் தடவை போய் நிற்கிறவர் கரைச்சல் கொடுக்கிறார். இன்னொரு வீட்டில் சம்மதித்த பெண், கணவர் வந்ததும் பேச்சை மாற்றக்கூடும். அவரை அங்கே வைத்து வற்புறுத்தினால் இரவு அந்த வீட்டில் நடப்பதற்கு நீங்களும் பொறுப்பு.

14. வெளியிடுவதற்கு முன் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

திரைப்பட விழாவுக்கு அனுப்பிவிட்டு ஊருக்குக் காட்டுவதுதான் வழக்கமாகிவிட்டது. அதை மாற்றுங்கள். முதல் வெட்டு முடிந்ததும் மடிகணினியைத் தூக்கிக்கொண்டு படத்தில் வருகிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் போங்கள். அவருடைய பகுதியை மட்டும் காட்டாமல் முழுப் படத்தையும் காட்டுங்கள். தன் பேச்சுக்கு முன்னும் பின்னும் எதை ஒட்டியிருக்கிறீர்கள் என்று பார்க்காமல் ஒருவரால் உண்மையாகச் சம்மதிக்க முடியாது. இன்ன திகதி வரை வேண்டாமென்று சொல்லலாம், அதற்குப் பிறகு இணையத்தில் ஏறினால் எங்களாலும் முழுதாக இறக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

இதைச் செய்தால் படம் பலவீனமாகும் என்பார்கள். அதிகாரத்தில் இருப்பவரைப் பற்றிய படத்தில் அந்த வாதம் சரி. அமைச்சருக்கோ படை அதிகாரிக்கோ நீங்கள் முன்கூட்டிக் காட்டத் தேவையில்லை. அவர்கள் செய்தது பொது விடயம். தன் வீட்டு வாசலில் உங்களை இருத்திப் பேசியவருக்கு அந்தச் சலுகை இருக்கத்தான் வேண்டும். ஒரு காட்சி போனால் போகட்டும்.

படம் முடிந்ததும் ஊர் வாசிகசாலையிலோ பாடசாலை மண்டபத்திலோ அவர்கள் சம்மதித்தால் திரையிடுங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பிறகு யாராவது விசாரிக்க வந்தால் எந்த நேரமும் அழைக்கச் சொல்லி உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கலண்டரில் எழுதிவைத்துவிட்டு வாருங்கள். அந்த இலக்கத்தை மாற்ற நேர்ந்தால், மாற்றுவதற்கு முன் அந்த வீடுகளுக்குப் போய்ப் புதியதை எழுதிக் கொடுங்கள்.